மின்சாரக் கத்தி வாங்க முன் தராசை எடுங்கள்

“நானா, மீன் வெட்டுற கரண்ட் கத்தி ஒண்டு எடுத்துத் தருவீங்களோ? நாள் முழுக்க ஓடக்கூடினதா இருக்க வேணும். விலையைப் பற்றி யோசிக்க வேண்டாம்.”

ஜெயபுரத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் இப்படிக் கேட்டார். விலையைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் வியாபாரிக்கு வாய் ஊற வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், அந்தக் குடும்பத்தின் நிலைமை எனக்குத் தெரியும். எனது தகப்பனார் நாச்சிக்குடாவில் மீன் ஏற்றிய காலத்தில் இந்தத் தம்பியின் பாட்டனார்தான் அவருக்கு வண்டி ஓட்டியவர். 1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்தோம். யுத்தம் முடிந்த பிறகு எங்களில் சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் என்னைப்போல் புத்தளத்தில் கடையை வைத்துக்கொண்டு போய் வருகிறோம். உறவு மட்டும் அறவில்லை.

“காசு எங்கால?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, அம்மா இருக்கும் மகளிர் குழுவில் ஒரு நுண்கடன் கம்பனியிடம் எண்பதாயிரம் எடுக்கப் போவதாகச் சொன்னார். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும்.

வன்னியில் இந்தக் கிழமைக் கடன் என்ன செய்தது என்பதை வடக்கோடு கொடுக்கல் வாங்கல் உள்ள வியாபாரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு அது போனது. ஆகவே, “தம்பி, இப்போதைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். நான் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

ஜெயபுரம் கடற்கரைக் கிராமம் அல்ல. பூநகரிப் பிரதேச செயலாளர் பிரிவில், ஏ-32 வீதிக்கு உட்புறமாக, பல்லவராயன்கட்டுப் பக்கம் இருக்கும் விவசாயக் குடியேற்றம். ஆனால் இடம் வியாபாரத்துக்கு நல்ல இடம். மேற்கே நாச்சிக்குடா, கிராஞ்சி, வலைப்பாடு என்று கடல் மீன் இறங்கும் துறைகள். கிழக்கே வன்னேரிக்குளம், அக்கராயன்குளம் என்று குளத்து மீன். மன்னார் – பூநகரி வீதி காபட் ஆகி, 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் லொறி நேராகப் போகிறது. தம்பியின் யோசனை இதுதான்: கரையில் மீனை வாங்கி, வீட்டில் வைத்து முள் நீக்கி, தோல் உரித்து, கொழும்பில் ‘பிலட்’ என்று சொல்லும் சதைத் துண்டுகளாக்கி, ஹோட்டல்களுக்கு அனுப்புவது. யாழ்ப்பாணத்தில் இரண்டு ஹோட்டல்காரரும் கொழும்பில் ஒரு விநியோகஸ்தரும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். யோசனையில் பிழை இல்லை. மெசினை முதலில் வாங்க வேண்டும் என்று நினைத்ததில்தான் எனக்குச் சந்தேகம்.

இந்தக் கத்தி யாருக்காகச் செய்தது?

மின்சாரக் கத்தி என்பது ஒரு கைப்பிடிக்குள் சின்ன மோட்டார். அதிலிருந்து இரண்டு பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வெளியே நீண்டிருக்கும். இரண்டுக்கும் வாள் பல் உண்டு. ஒன்று முன்னே போகும்போது மற்றது பின்னே வரும். வெட்டுகிற வேலையை அந்த அசைவு செய்கிறது, நமது கை வழி காட்டினால் போதும். 1960களில் அமெரிக்காவில் இது வீட்டுச் சமையலறைக்குள் வந்தது, மேசையில் வைத்துப் பொரித்த இறைச்சியையும் பாணையும் துண்டு போடுவதற்கு. பிறகு அங்கே ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் இதை மீனுக்குத் திருப்பினார்கள். அவர்களுக்கு ஒரு நாளில் கிடைப்பது கையளவு, முழத்தளவு மீன்கள், எண்ணிக்கையில் அதிகம். விலா முள்ளைச் சுற்றிப் பொறுமையாகச் செதுக்க அவர்களுக்கு நேரமில்லை. விலா முள்ளையும் சேர்த்து ஒரே இழுப்பில் அறுத்து, பிறகு அந்த விலாப் பகுதியை வெட்டி எறிந்துவிடுவார்கள். மீன் காசு கொடுத்து வாங்கியது அல்ல, ஆகவே எறிந்ததைப் பற்றிக் கவலையும் இல்லை. பின்லாந்தின் ரபாலா, அமெரிக்காவின் பப்பா போன்ற பெயர்களில் வரும் மீன் கத்திகள் இந்த வாடிக்கையாளரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நல்ல சாமான்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

பெரிய அளவில் மீன் வெட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஐரோப்பாவின் தொழிற்சாலைகளில் ஜெர்மனியின் லூபெக் நகரத்து பாடர் கம்பனியின் மெசின்கள் போன்றவை ஓடுகின்றன. அதற்குள் மீன் போனால் சதையாக வெளியே வரும், ஆனால் அது நமது கணக்குக்கு எட்டாத உலகம். எமது நாட்டிலிருந்து சூரை ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளில் இன்றைக்கும் கைக்கத்திதான். வரிசையாக நின்று, நீளக் கத்தியால், கையாலேயே பிரிக்கிறார்கள். மெசின் வாங்கப் பணமில்லாமலா அவர்கள் கையால் வெட்டுகிறார்கள்? விலை கூடிய மீனில் ஒரு கிராம் சதையும் முள்ளோடு போகக் கூடாது, அதுதான் விஷயம். நடுமுள் எங்கே வளைகிறது என்பதை மெல்லிய கத்தியைப் பிடித்த விரல் உணரும். அதிர்ந்துகொண்டிருக்கும் மெசினைப் பிடித்த விரலுக்கு அது தெரியாது.

நான் ஜெயபுரம் போன அன்று இரண்டு சாமான் கொண்டுபோனேன். ஒன்று, ஒரு நண்பரிடம் இரவலாக வாங்கிய மீன் வெட்டும் மின்சாரக் கத்தி, 230 வோல்ட்டில் ஓடுவது. மற்றது, எனது கடையிலிருந்து ஏழு அங்குல வளையும் கைக்கத்தி ஒன்றும் சாணைக்கல்லும். மின்சாரக் கத்தியைத் தம்பியிடம் கொடுத்து ஒரு கிழமை பழகச் சொல்லிவிட்டு நான் நாச்சிக்குடாவில் எனது வேலையைப் பார்த்தேன். கிழமை முடிந்ததும் கரையில் இருபது கிலோ விளைமீன் எடுத்து வந்தோம். பக்கத்தில் சந்தையில் மீன் வெட்டிப் பழகிய ஒரு அக்காவை அன்றைக்குக் கூலிக்குக் கூப்பிட்டோம். அவருக்குப் பத்துக் கிலோ, கைக்கத்தி. தம்பிக்குப் பத்துக் கிலோ, மெசின். நான் தராசையும் மணிக்கூட்டையும் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

தம்பி 24 நிமிடத்தில் முடித்தார். அக்கா 41 நிமிடம் எடுத்தார். தம்பியின் முகத்தில் வெற்றி.

பிறகு நிறுத்தோம். அக்காவின் சதை 4 கிலோ 50 கிராம். தம்பியின் சதை 3 கிலோ 700 கிராம். முள்ளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோதே காரணம் தெரிந்தது. தம்பியின் முள்ளில் இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சதை ஒட்டியிருந்தது. விலாவோடு போனது வேறு.

350 கிராம்தானே என்று நினைக்க வேண்டாம். விலைகள் நாளுக்கு நாள் மாறும், ஆகவே கணக்குக்காக மீன் கிலோ 1,400 ரூபா, பிலட் கிலோ 4,200 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோவுக்கு முதல் 14,000. கையால் வெட்டினால் வரவு 17,010. மெசினால் வெட்டினால் 15,540. வித்தியாசம் 1,470 ரூபா. இனி மெசின் மிச்சப்படுத்திய 17 நிமிடத்துக்கு வருவோம். நாட்கூலி 2,000 ரூபா, எட்டு மணித்தியாலம் என்றால் ஒரு நிமிடத்துக்கு நாலு ரூபா சொச்சம். 17 நிமிடத்துக்கு 71 ரூபா. எழுபத்தொரு ரூபாக் கூலியை மிச்சம் பிடிக்க ஆயிரத்து நானூற்று எழுபது ரூபா மீனைக் குப்பைக்குப் போட்டிருக்கிறோம். ஐஸ், பெட்டி, லொறிக் கூலி எதுவும் இன்னும் கழிக்கவில்லை. மெசினுக்கு எடுத்த கடனின் வட்டியும் இதில் இல்லை.

தம்பி ஒன்றும் பேசாமல் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான், “அவனுக்குக் கை பழகேல்லை. ரெண்டு மாசம் போனா என்னட்டக் கிட்ட வருவான்” என்று விட்டுக்கொடுக்காமல் சொன்னார். நியாயமான பேச்சு. பழகினால் 350 கிராம் 150 ஆகலாம். அப்போதும் 630 ரூபா நட்டம்.

அதோடு கதை முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியதில்லை, “வாங்காதே” என்று ஒரு வரியில் சொல்லியிருப்பேன். மறுநாள் வன்னேரிக்குளத்துப் பக்கமிருந்து சைக்கிளில் ஒருவர் திலாப்பியா கொண்டு வந்தார். 1952இல் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இது. இன்று உள்நாட்டுக் குளங்களில் ஏழைகளின் மீனாக இருக்கிறது. முள் அதிகம் என்று நகரத்தில் வாங்க மாட்டார்கள், ஆகவே விலை குறைவு. முள்ளை எடுத்துவிட்டால் நகரத்திலும் எடுப்பார்கள், பிள்ளைகள் சாப்பிடுவார்கள்.

அதே பரீட்சை. ஆளுக்குப் பத்துக் கிலோ, முப்பது மீன் சொச்சம். அக்காவுக்கு 70 நிமிடம், 3 கிலோ 150 கிராம். தம்பிக்கு 35 நிமிடம், 3 கிலோ 50 கிராம். இங்கே கதை மாறுகிறது. சின்ன மீனில் கைக்கும் பெரிதாகச் சதை மிஞ்சுவதில்லை. பிலட் கிலோ 1,800 ரூபா என்று வைத்தால் மெசினால் வந்த நட்டம் 180 ரூபா, மிச்சப்பட்ட கூலி 146 ரூபா. கிட்டத்தட்டச் சமம். கை பழகினால் மெசின் முந்தும். அதைவிடப் பெரிய விஷயம் லொறி. யாழ்ப்பாணத்துக்குப் போகும் கூலர் லொறி பகல் ஒரு மணிக்கு ஏ-32இல் நிற்கும். மீன் காலை எட்டு மணிக்கு வருகிறது. அறுபது கிலோவை அக்கா ஒருவர் கையால் வெட்டினால் ஏழு மணித்தியாலம், லொறி போய்விடும். மெசின் என்றால் மூன்றரை மணித்தியாலம், கழுவிப் பொதி செய்யவும் நேரம் இருக்கும். இப்படி நேரம் கழுத்தைப் பிடிக்கிற இடத்தில்தான் மெசின் தனது விலையைச் சம்பாதிக்கிறது.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது: கடல் மீனுக்கு, அதுவும் விளை, பாரை, கலவாய் என்று விலை கூடியதற்கு, அக்காவும் கைக்கத்தியும். குளத்து மீனுக்கு மெசின். அறக்குளாவுக்கு இரண்டும் வேண்டாம். அதை எமது ஆட்கள் குறுக்காக வெட்டிய துண்டாகத்தான் கேட்கிறார்கள், அதை பிலட் ஆக்குவது வீண் வேலை.

வாங்குவதானால் எதைப் பார்ப்பது?

முதலில் அடியிலுள்ள தகட்டைத் திருப்பிப் பாருங்கள். வோல்ட் என்ன என்று எழுதியிருக்கும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் கொள்கலனில் வந்த சாமான் என்று பன்னிரண்டு மின்சாரக் கத்திகளை மலிவாக எடுத்தேன். அழகான பெட்டி, அமெரிக்கப் பெயர். வாலில் நமது 13 அம்பியர் பிளக்கை மாட்டித் தந்திருந்தார்கள். நான் தகட்டைப் பார்க்கவில்லை. அது 120 வோல்ட் சாமான். எமது 230இல் குத்தியதும் முதலாவது பத்துச் செக்கனில் புகைந்தது. மின்னழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பானால் சூடு ஏறத்தாழ நான்கு மடங்கு, பாவம் அந்த மோட்டார் என்ன செய்யும். ட்ரான்ஸ்போமர் போட்டு ஓட்டலாம் என்றார்கள். கத்தியின் விலைக்கு ட்ரான்ஸ்போமர். மிச்சம் பதினொன்றையும் எடுத்த விலைக்குத் திருப்பிக் கொடுக்க மூன்று தடவை கொழும்பு போய், மூன்றாவது தடவை பஸ் காசுக்குக்கூடப் பெறாது என்று விட்டுவிட்டேன். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சாமானிலும் இதே விளையாட்டு உண்டு. வளைகுடாவிலிருந்து வந்தால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. கனடா, அமெரிக்கா என்றால் தகட்டைப் பாருங்கள்.

அடுத்தது எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும் என்பது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சமையலறைக் கத்திகள் பலவற்றின் தகட்டில் ‘கேபீ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு நிமிடக் கணக்கும் இருக்கும். இரண்டு நிமிடம் என்று போட்டிருந்தால், இரண்டு நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். பெருநாளைக்கு இறைச்சி துண்டு போட அது போதும். அறுபது கிலோ மீனுக்கு முன் அதை வைத்தால் ஒரு கிழமையில் அடக்கம் செய்ய வேண்டியதுதான். உத்தரவாத அட்டையிலும் ‘வீட்டுப் பாவனைக்கு மட்டும்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். கடைக்காரர் மாற்றித் தராவிட்டால் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. தொடர்ந்து வேலை செய்ய மீனுக்கென்றே செய்ததை எடுங்கள், பிடியில் காற்றுத் துவாரம் இருக்க வேண்டும்.

பிளேட் பற்றி. ஏழரை அங்குலம், ஒன்பது அங்குலம் என்று வரும். திலாப்பியா போன்ற மீனுக்கு ஏழரை. நீளமானது பெரிய மீனுக்கு, சின்ன மீனில் அது நுனியில் ஆடி சதையைக் கிழிக்கும். வாள் பல் உள்ள பிளேட்டை எமது சாணைக்கல்லில் தீட்ட முடியாது, மழுங்கினால் சோடியாக மாற்ற வேண்டும். ஆகவே கத்தி வாங்கும் அன்றே மேலதிக பிளேட் கிடைக்குமா, அடுத்த வருடமும் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் மெசின் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். 2020 முதல் சில வருடங்கள் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் ஒரு சின்ன உதிரிப்பாகத்துக்குக்கூட நாங்கள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள்.

வயரா, பற்றரியா? குளக்கட்டில் வைத்து வெட்டுவதானால் பற்றரி வசதி. மின்வெட்டுக்கும் உதவும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறையில் ஒரு குரங்கின் புண்ணியத்தில் நாடே இருண்டது. ஆனால் பற்றரி இரண்டு வேண்டும், ஒன்று ஓட மற்றது சார்ஜில். சில வருடத்தில் பற்றரி களைத்துவிடும், புதிய பற்றரியின் விலை சிலவேளை மெசினில் பாதி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் தனியாக வரும் லித்தியம் பற்றரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். பெரிய பெட்டிக்குள் போட விமானத்தில் அனுமதி இல்லை, பிளேட் மறுபக்கமாகப் பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும். வீட்டில் ஒரே இடத்தில் வைத்து வெட்டுகிறவருக்கு வயர் உள்ளதே மலிவு, பலம். மின்வெட்டு வந்தால் கைக்கத்தி இருக்கிறதே.

ஆனால் வயர் உள்ள மெசினை ஈர மேசையில் வைத்து வேலை செய்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. மீன், தண்ணீர், ஐஸ், வெறுங்கால், கரண்ட். வன்னியில் வீட்டுத் திட்டத்து வீடுகள் சிலவற்றில் ட்ரிப் சுவிட்சைக் கழற்றி நேரடியாக இணைத்து வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன், அடிக்கடி விழுகிறதாம். விழுவதுதான் அதன் வேலை. தம்பியின் வீட்டிலும் அதை முதலில் சரி செய்யச் சொன்னேன். வயர் மேலிருந்து தொங்க வேண்டும், நிலத்தில் கிடக்கக் கூடாது. மீன் பிடிக்கும் இடக்கையில் கத்தி வெட்டாத கையுறை போட்டால் பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கையுறை கைக்கத்திக்குச் செய்தது. ஓடுகிற வாள் பல்லுக்கு அது தடை இல்லை. பிளேட்டைக் கழற்ற முன் பிளக்கைக் கழற்றுங்கள். விரலை விட்டதும் நிற்கிற சுவிட்ச் உள்ளதை எடுங்கள். அமர்த்திப் பூட்டி வைக்கிற சுவிட்ச் உள்ளதை இலவசமாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம்.

கழுவுகிற விஷயமும் உண்டு. பிளேட் இரண்டையும் பிரித்துக் கழுவலாம், கைப்பிடியைத் தண்ணீரில் போட முடியாது. பிளேட் போய்ச் சேரும் துவாரத்துக்குள் மீன் நீர் இறங்கும். அதைத் தினமும் துடைக்காவிட்டால் மூன்றாம் நாள் மெசினே நாற ஆரம்பித்துவிடும், அந்த நாற்றம் வாடிக்கையாளரின் தட்டு வரை போகும்.

வெட்டிய பிறகு

மெசினைப் பற்றிக் கேட்பவர்கள் ஐஸைப் பற்றிக் கேட்பதில்லை. எமது வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பழைய கணக்கு, இன்றும் அதுதான் சரி. முழு மீனைவிட பிலட் சீக்கிரம் பழுதாகும், வெட்டிய முகம் முழுவதும் காற்றுக்கும் கைக்கும் திறந்திருக்கிறதே. அதை நேரே ஐஸுக்குள் புதைத்தால் உருகும் தண்ணீர் சுவையையும் கழுவிக்கொண்டு போய்விடும். பையில் போட்டு, ரெஜிபோம் பெட்டியில் ஐஸுக்கு நடுவில் வையுங்கள். தலையையும் முள்ளையும் எறிய வேண்டாம். விளை, கலவாய்த் தலைக்கு ஜெயபுரத்திலேயே ஆள் இருக்கிறது. தம்பி அந்தக் காசில்தான் ஐஸ் வாங்குகிறார்.

இன்னொன்று எங்கள் மனச்சாட்சியோடு சம்பந்தப்பட்டது. தோலை உரித்துவிட்டால் இது என்ன மீன் என்று கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாது. மலிவான மீனின் சதையை விலை கூடிய பெயரில் அனுப்பும் ஆசை அந்த இடத்தில்தான் வருகிறது, மெசின் வந்த பிறகு அது இன்னும் சுலபம். ஐஸ் தண்ணீரோடு நிறுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அளவையிலும் நிறுவையிலும் குறைப்பதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் ஓதத் தேவையில்லை. அந்தத் தம்பி எமது மார்க்கத்தவர் அல்ல, ஆனால் வால் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோலை விட்டு அனுப்புவோம், பார்த்தால் மீன் தெரியும் என்று அவர்தான் சொன்னார். விநியோகஸ்தருக்கு அது பிடித்துவிட்டது.

கடல் மீன் தினமும் கிடைக்குமா என்பதும் தம்பியின் கையில் இல்லை. இழுவை மடியை 2017இல் எமது பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனாலும் இந்தியப் பக்கத்து றோலர் வந்துபோன மறுநாள் வலை அறுந்து கரையில் வெறும் பெட்டியோடு நிற்பவர்களை நாச்சிக்குடாவில் இன்றும் காணலாம். மழைக்காலத்தில் குளம் நிரம்பினால் குளத்து மீனும் குறையும். மீன் இல்லாத கிழமையிலும் கடன்காரர் வருவார். எண்பதாயிரத்தை நான் வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியில் தம்பி கைக்கத்தி இரண்டும் கல்லும் வாங்கிக்கொண்டு அக்காவோடு தொடங்கினார். அக்காவுக்கு நாட்கூலியோடு, சதை பத்துக் கிலோவுக்கு நாலு கிலோவைத் தாண்டினால் தாண்டியதற்கு ஒரு பங்கு. இது எனது யோசனை இல்லை, அக்காவே பேசி எடுத்தது. குளத்து மீனுக்கு ஓடர் கூடிய பிறகு மின்சாரக் கத்தி ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தேன். எடுத்த விலை என்னவோ அதுதான், மாதம் மாதம் முடிந்ததைத் தரச் சொன்னேன், வட்டி கிடையாது. இரண்டு மாதம் தரவில்லை, மழை. மூன்றாம் மாதம் மூன்றையும் சேர்த்துத் தந்தார்.

போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். கொழும்பு போனால் இரண்டு சோடி பிளேட் எடுத்து வரட்டாம். ஒன்பது அங்குலம் வேண்டாமாம், ஏழரை. அக்காவுக்கு இன்னொரு கைக்கத்தியும் வேண்டுமாம், பழையது தீட்டித் தீட்டி அரைவாசியாகிவிட்டது.